ஏசியின் வெளிப்பெட்டிக்கு உறை விற்கலாமா?

குளிரூட்டி வாங்க வருகின்ற வாடிக்கையாளர்கள், விலை பேசி முடித்து, பொருத்துவதற்கு நாளும் குறித்த பின்னர் இப்போதெல்லாம் இன்னுமொன்றைக் கேட்கிறார்கள். "நானா, வெளியில வைக்கிற பெட்டிக்கு ஒரு கவர் போடலாந்தானே?" என்பதே அது. சிலருக்கு மழை நனைத்துவிடும் என்ற பயம். சிலருக்கு வெயில் பற்றிய கவலை. சிலருக்குச் செம்புக் குழாய்க்கு வரும் திருடனைப் பற்றிய நினைப்பு. ஆனால் பெரும்பாலானோருக்கு இருப்பது வேறொரு மனக்குறை. இலட்சக்கணக்கில் செலவழித்து வீட்டின் முகப்பைக் கட்டிய பிறகு, அதில் ஒரு வெள்ளைத் தகரப் பெட்டி தொங்குவது அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

இந்தத் தேவையைச் சுற்றி ஒரு சிறு வியாபாரமே வளர்ந்திருக்கிறது. துணி உறைகளை இறக்குமதி செய்பவர் இருக்கிறார். அலுமினியத்தில் லூவர் அடித்து அழகான பெட்டி செய்து கொடுப்பவர் இருக்கிறார். வெல்டிங் கடைக்காரர் இருக்கிறார். வீட்டைக் கட்டும்போதே சுவரில் ஒரு குழி விட்டு, அதற்குள் ஏசியை ஒளித்து வைக்கச் சொல்லும் மேசன் பாஸும் இருக்கிறார். இவர்களில் பலர் நம்மவர்கள். குளிரூட்டி விற்பதும் பொருத்திக் கொடுப்பதும் என் தொழில் என்பதால் நானும் இவர்களோடு சேர்ந்தவன்தான். எனவே, வெளியில் நின்று கொண்டு இன்னொருவருடைய பிழைப்பில் கல் எறிகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இயங்கிக் கொண்டிருக்கும் ஏசியின் வெளிப்பெட்டியைச் சுற்றி மூடுகின்ற எந்தப் பொருளையும் நாம் விற்கக் கூடாது. மேலே ஒரு சிறு கூரை விற்கலாம். காற்று தாராளமாகப் போய்வரக் கூடிய கம்பிக்கூடு விற்கலாம். ஆனால் நாலு பக்கமும் அடைக்கும் பெட்டியும், பையைப் போல மாட்டும் உறையும் வாடிக்கையாளரின் காசில் வாடிக்கையாளருக்கே செய்கின்ற கெடுதல். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வெளிப்பெட்டி செய்யும் வேலை

ஏசி குளிரை உற்பத்தி செய்கிறது என்றே பலரும் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது அறைக்குள் இருக்கும் சூட்டை எடுத்து வெளியில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கொட்டுகின்ற இடம்தான் வெளிப்பெட்டி. நம் வீடுகளில் அதிகமாகப் பாவிக்கப்படும் 12,000 பி.டி.யூ. ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது அறையிலிருந்து சுமார் 3.5 கிலோவாற்று சூட்டை வெளியேற்றுகிறது. அதைச் செய்வதற்குச் சுமார் 1 கிலோவாற்று மின்சாரத்தை எடுக்கிறது. அந்த மின்சாரமும் கடைசியில் சூடாகவே மாறுவதால், வெளிப்பெட்டி கொட்ட வேண்டிய மொத்தச் சூடு ஏறத்தாழ 4.5 கிலோவாற்று ஆகும். 2 கிலோவாற்று மின்கேத்தல்கள் இரண்டை நிறுத்தாமல் கொதிக்க விட்டால் வரும் சூட்டை விட இது அதிகம்.

இனி, அந்த இரண்டு கேத்தல்களையும் ஒரு அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெளிப்பெட்டியைச் சுற்றிப் பெட்டி அடிப்பதும் அதே வேலைதான்.

லூவர் அடித்திருக்கிறோம், இடைவெளி விட்டிருக்கிறோம் என்று சொல்வார்கள். லூவரில்தான் பிரச்சினையே இருக்கிறது. வெளிப்பெட்டி பின்பக்கத்தாலும் ஒரு பக்கவாட்டாலும் காற்றை இழுத்து, முன்பக்கமாகச் சூடாக்கி ஊதுகிறது. முன்னால் சாய்ந்த தகடுகள் இருந்தால், ஊதிய சூடான காற்றில் ஒரு பகுதி அவற்றில் முட்டித் திரும்பிப் பெட்டிக்குள்ளேயே வரும். பின்பக்கம் அதையே மறுபடியும் இழுத்துக் கொள்ளும். கொட்டிய சூட்டைத் திரும்ப அள்ளி மீண்டும் கொட்டுவதற்கு மின்சாரம் செலவாகும்.

பட்டியலில் ஏறும் கணக்கு

வெளிப்பெட்டி இழுக்கும் காற்று ஒரு பாகை செல்சியஸ் சூடாகும்போது, அதே குளிரைத் தருவதற்குத் தேவையான மின்சாரம் சுமார் 2 முதல் 3 சதவீதம் கூடும் என்பது இத்தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. ஏசியின் பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும் அளவுகள் எல்லாம் வெளிக்காற்று 35 பாகையில் இருக்கும்போது சோதித்துப் பெற்றவை. நம் நாட்டின் வெயில் பெரும்பாலும் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் மூடிய பெட்டிக்குள் இருக்கும் காற்று அப்படி அடங்குவதில்லை.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். ஒரு வீட்டில் ஏசி இரவில் 8 மணித்தியாலம் ஓடி 6 அலகு மின்சாரம் எடுக்கிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். மாதம் 180 அலகு. வெளிப்பெட்டியை மூடியதால் அது இழுக்கும் காற்று 5 பாகை கூடினால், 10 முதல் 15 சதவீதம் மேலதிகமாகப் போகும். அதாவது மாதம் 18 முதல் 27 அலகு வரை. 10 பாகை கூடினால் 36 முதல் 54 அலகு. இதில் இன்னொரு விடயத்தையும் கவனிக்க வேண்டும். வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுகின்ற கட்டணம். மேலதிகமாகச் சேரும் அலகுகள் எப்போதும் கடைசிப் படியில், ஆகக் கூடிய விலையில்தான் கணக்கிடப்படும். ஏசி உள்ள வீடுகள் பெரும்பாலும் அந்த மேல் படியில் இருப்பவைதான்.

2022 ஓகஸ்ட் மாதம் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதத்தாலும் உயர்ந்ததை நாம் எவரும் மறந்திருக்க மாட்டோம். அதன் பிறகு கட்டணம் இறங்கியும் ஏறியும் வந்திருக்கிறது. ஆனால் அந்த இரண்டு உயர்வுகளும் வீடுகளுக்கு ஒரு பாடத்தைப் புகட்டிவிட்டன. மின்விளக்கு அணைப்பதில் கூடக் கணக்குப் பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு, மாதம் 30 அலகு வீணாக்கும் பெட்டியை அழகு என்று சொல்லி விற்பது நியாயமாகுமா? பெட்டியின் விலையை அவர் ஒரு தடவைதான் நமக்குத் தருகிறார். அந்தப் பெட்டிக்காக மாதாமாதம் தருவதை, ஏசி இருக்கும் காலம் முழுவதும் தந்து கொண்டே இருப்பார்.

செலவு மின்சாரத்தோடும் நிற்பதில்லை. வெளிப்பெட்டி சூடானால் உள்ளே அழுத்தம் கூடும். கொம்ப்ரசர் அதிக பாரத்தோடு ஓடும். அதன் எண்ணெய் விரைவில் கெடும். இன்வேட்டர் இயந்திரங்களில் மின்சுற்றுப் பலகையும் வெளிப்பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதைக் குளிர வைப்பதும் அதே பேன் இழுக்கும் காற்றுதான். சூடு எல்லை மீறினால் இயந்திரம் தன்னைக் காத்துக் கொள்ள வேகத்தைக் குறைக்கும், அல்லது நின்றுவிடும். அப்போது வீட்டுக்காரர் "ஏசி குளிரில்லை, வாயு முடிந்துவிட்டது போல" என்று நம்மைக் கூப்பிடுவார். விசயம் தெரியாத ஒருவர் போய்த் தேவையில்லாமல் வாயு நிரப்பி, அதற்கும் பணம் வாங்கி வருவார். கொம்ப்ரசரோ பலகையோ போய்விட்டால் அந்தச் செலவில் ஏறத்தாழ ஒரு புது ஏசியே வாங்கலாம் என்ற நிலைதான் பல வேளைகளில். உத்தரவாத அட்டையைக் கொண்டு ஓடினாலும், பிழையான பொருத்துகையால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை என்ற வரி வழக்கமாக அதிலேயே இருக்கும்.

வெயில், மழை, உப்புக்காற்று

சரி, வெயிலிலிருந்து காப்பாற்ற வேண்டாமா என்று கேட்கலாம். நிழல் நல்லதுதான். ஆனால் மக்கள் நினைக்கும் அளவுக்கு அதில் இலாபம் இல்லை. அமெரிக்காவில், நம்மைப் போல சூடும் ஈரமும் மிகுந்த புளோரிடாவில், அங்குள்ள சூரிய சக்தி ஆய்வு நிலையம் இதை வீடுகளில் அளந்து பார்த்து 1996 இல் அறிக்கை வெளியிட்டது. வெளிப்பெட்டிக்கு மட்டும் நிழல் போடுவதால் கிடைக்கும் சேமிப்பு 3 சதவீதத்தைத் தாண்டுவது அரிது என்பதே அதன் முடிவு. அதுவும் காற்றோட்டத்தை மறிக்காமல் நிழல் போட்டால்தான். காரணம் எளிது. பேன் இழுப்பது சுற்றாடல் முழுவதிலும் இருந்து வரும் காற்றை. பெட்டியின் மேல் விழும் வெயிலை மறைத்தாலும் அந்தக் காற்று குளிர்ந்து விடாது. ஆகவே 3 சதவீதத்தைச் சேமிக்கப் போய் 15 சதவீதத்தை இழப்பதுதான் பெட்டி அடிப்பதன் பலன்.

மழையைப் பற்றிப் பயப்படத் தேவையே இல்லை. வெளிப்பெட்டி வெளியில் வைப்பதற்காகவே செய்யப்பட்டது. பல பெட்டிகளின் பெயர்த்தகட்டில் ஐ.பி.எக்ஸ்.4 என்றொரு குறி இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதே அதன் பொருள்.

கல்முனை, காத்தான்குடி, பேருவளை, புத்தளம், மன்னார் என்று நம் ஊர்கள் பலவும் கடலோரத்தில் இருக்கின்றன. கொழும்பிலும் காலி வீதிக்குக் கடல் பக்கம் உள்ள வீடுகளுக்கு இதே நிலைதான். இங்கெல்லாம் உப்புக்காற்றுக்காக உறை போடுகிறார்கள். ஆனால் உப்பு காற்றோடு வருவது. காற்றுப் புகும் உறைக்குள் உப்பும் புகும். காற்றே புகாத உறைக்குள் ஏசி ஓடாது. உறைக்குள் புகுந்த உப்பை மழை கழுவிச் செல்லவும் வழியில்லை. உள்ளே ஈரம் தேங்கி, செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் சேரும் இடங்களில் அரிப்பு விரைவாகப் பரவும். இரும்புச் சட்டத்தில் கறள் ஏறும். கடலோர வீட்டில் இருப்பவர் செய்ய வேண்டியது, அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள இயந்திரத்தைத் தெரிவு செய்வதும், மின்சாரத்தை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் வெளிப்பெட்டியின் தகடுகளை அடிக்கடி மெதுவாகக் கழுவி விடுவதும்தான். தண்ணீருக்குச் செலவு மிகக் குறைவு.

புது ஏசிகளில் பெரும்பாலும் நிரப்பப்படும் ஆர்-32 என்ற வாயு சிறிதளவு தீப்பற்றும் தன்மையுள்ளது, காற்றை விடப் பாரமானது. திறந்த இடத்தில் கசிந்தால் காற்றோடு கலந்து போய்விடும். மூடிய பெட்டிக்குள் கசிந்தால் அடியில் தேங்கி நிற்கும். பெட்டி அடிக்கும் பாஸ்மார் இதையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பனி நாட்டுப் பொருள்

இந்த உறைகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் விளக்கம் கிடைக்கும். பனி பொழியும் நாடுகளில் கோடை காலத்தில் மட்டும் ஏசியை ஓடவிட்டு, குளிர்காலத்தில் மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பார்கள். அந்த மாதங்களில் பனிக்கட்டியும் காய்ந்த இலைகளும் உள்ளே விழாமல் இருக்கவே உறை போடுகிறார்கள். கோடை தொடங்கியதும் கழற்றிவிடுவார்கள். குளிர்காலத்தில் அதே இயந்திரத்தை வீட்டைச் சூடாக்கப் பாவிப்பவர்கள் அப்போதும் உறை போடக் கூடாது. அதாவது, உறை என்பது ஓடாத இயந்திரத்துக்கான பொருள். இங்கே நாம் ஏசியை வருடம் முழுவதும் ஓட விடுகிறோம். பனிக் குல்லாவை வெயிலில் வேலை செய்பவனுக்கு விற்பது போன்றதுதான் இந்த இறக்குமதி.

நம் நாட்டில் இதற்குப் பொருந்தும் ஒரே சந்தர்ப்பம், குடும்பத்தோடு மத்திய கிழக்கிலோ வேறெங்கோ இருந்து கொண்டு, வீட்டை மாதக்கணக்கில் பூட்டி வைத்திருப்பவர்களுடையது. அவர்களும் பிரேக்கரை இறக்கிவிட்டு மேற்பக்கத்தை மட்டும் மூடினால் போதும். வீட்டைப் பார்த்துக் கொள்பவர் தெரியாமல் ஏசியைப் போட்டுவிடாமல் இருக்க, பிரேக்கரில் ஒரு துண்டு எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

எலி, பல்லி, நுளம்பு

மூடிய இடம் ஏசிக்குப் பிடிக்காவிட்டாலும் மற்றவற்றுக்கு நன்றாகப் பிடிக்கும். சூடும் இருட்டும் உள்ள பெட்டிக்குள் பல்லியும் எறும்பும் குடியேறும். பல்லி மின்சுற்றுப் பலகையில் விழுந்து அதைச் செயலிழக்கச் செய்வது, திருத்த வேலை செய்பவர்கள் அடிக்கடி காணும் பழுது. எலி வந்தால் வயரைக் கடிக்கும்.

பொலித்தீன் அல்லது தார்ப்பாய் உறையின் மடிப்புகளில் மழைநீர் தேங்கினால் நுளம்பு முட்டையிடும். டெங்கு நம் நகரங்களை விட்டுப் போகவில்லை. 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி, தன் வளவில் நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம். வீட்டின் மூன்றாம் மாடிச் சுவரில் கட்டிய உறைக்குள் எட்டிப் பார்த்துத் தண்ணீரை ஊற்றிவிடுபவர் எத்தனை பேர்?

அயல் வீட்டுச் சுவர்

மருதானை, தெமட்டகொட, கிராண்ட்பாஸ் போன்ற இடங்களில் வீடுகள் ஒட்டி ஒட்டியே இருக்கின்றன. முன்பக்கம் அசிங்கமாக இருக்கும் என்று வெளிப்பெட்டியைப் பக்கத்து ஒழுங்கைக்குள் தள்ளிவிடும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அது ஊதும் சூடு அடுத்த வீட்டு யன்னலுக்குப் போகிறது. அந்த வீட்டில் ஏசி இல்லாத ஒரு முதியவர் படுத்திருக்கலாம். அயலவரின் உரிமையைப் பற்றி அதிகமாகப் பேசுகின்ற சமூகம் நாம். வெளிப்பெட்டி வைக்கும் இடத்தைத் தீர்மானிக்கும்போதும் அது நினைவில் இருக்க வேண்டும். ஒரே ஒழுங்கையில் எதிரெதிரே இரண்டு பெட்டிகள் ஒன்றின் சூட்டை மற்றதின் மேல் ஊதிக் கொண்டிருந்தால் இரு வீட்டாருக்கும் நட்டம்.

"நான் விற்காவிட்டால் அடுத்த கடைக்காரர் விற்பார்"

இதுதான் நம் வியாபாரிகளிடம் இருந்து வரும் முக்கியமான பதில். வாடிக்கையாளர் கேட்கிறார், நாம் கொடுக்கிறோம், இதில் என்ன பிழை என்கிறார்கள். இதை நான் இலேசாக ஒதுக்கிவிடவில்லை. கடை வாடகையும் ஆட்களின் சம்பளமும் மாத முடிவில் வந்து நிற்பது எனக்கும் தெரியும்.

ஆனால் வாடிக்கையாளர் உறை கேட்பது ஏசியின் நன்மைக்காக. அது ஏசிக்குக் கெடுதி என்று தெரிந்தால் கேட்க மாட்டார். அந்தத் தகவல் நம்மிடம் இருக்கிறது, அவரிடம் இல்லை. தெரிந்ததை மறைத்து விற்பதற்கும் பழுதான பொருளை விற்பதற்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. உறை போட்டால் கரண்ட் மிச்சம் என்று வாய்விட்டுச் சொல்லி விற்கும் கடைகளும் இருக்கின்றன. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விற்பனை 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தால் தடுக்கப்பட்டது என்பதை அவர்கள் நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

சட்டத்தை விடுங்கள், இலாபத்தையே எடுத்துப் பார்ப்போம். ஓர் உறையில் கிடைக்கும் இலாபம் ஒரு தடவை வந்து போய்விடும். ஏசி ஒழுங்காக ஓடினால் அந்த வீட்டுக்காரர் சர்வீசுக்கு நம்மையே கூப்பிடுவார். அடுத்த அறைக்கும் மகளுடைய வீட்டுக்கும் நம்மிடமே வாங்குவார். இரண்டு வருடத்தில் கொம்ப்ரசர் போனால், "அந்தக் கடையில வாங்காதீங்க" என்று பள்ளி வாசலில் நின்று சொல்வார். ஊருக்குள் வியாபாரம் செய்பவனுக்கு இதைவிடப் பெரிய நட்டம் கிடையாது.

அப்படியென்றால் எதை விற்பது?

மேலே ஒரு சிறு சாய்கூரை விற்கலாம். வெளிப்பெட்டிக்கு மேல் இடைவெளி விட்டு, நாலு பக்கமும் திறந்தபடி இருந்தால் அதனால் கெடுதி இல்லை. அடுத்த மாடியிலிருந்து விழும் பொருட்களிலிருந்தும் அது காக்கும்.

திருடனுக்குப் பயப்படுபவருக்குக் கம்பிக்கூடு விற்கலாம். மெல்லிய கம்பி, அகலமான இடைவெளி, முன்பக்கத்தில் தகடோ நெருக்கமான வலையோ இருக்கக் கூடாது. துப்புரவு செய்வதற்காகப் பூட்டுப் போடக்கூடிய கதவு ஒன்று இருக்க வேண்டும். வெல்டிங் கடைக்காரருக்கு இதில் கிடைக்கும் வேலை மூடிய பெட்டியை விடக் குறைவதில்லை.

அழகை விரும்புபவருக்கு நல்ல இடத்தை விற்கலாம். குழாய் கொஞ்சம் நீண்டாலும் பரவாயில்லை, பின்பக்கச் சுவரோ மொட்டை மாடியோ பாருங்கள் என்று சொல்லலாம். குழாயின் நீளத்துக்கு உற்பத்தியாளர் விதித்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக் கொண்டால் சரி. எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பது கைநூலில் படத்தோடு இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது மாறும். பின்பக்கம் 10 முதல் 30 சென்ரிமீற்றர் வரையும், முன்பக்கம் அதை விடப் பல மடங்கும் பொதுவாகக் கேட்பார்கள். பொருத்தும் பாஸிடம் அந்தப் பக்கத்தைக் காட்டி வேலை வாங்க வேண்டியது நம் பொறுப்பு.

ஏற்கெனவே பெட்டி அடித்து வைத்திருப்பவர்கள் உடனே உடைக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண வெப்பமானி போதும். ஏசி அரை மணித்தியாலம் ஓடிய பிறகு, வெளிப்பெட்டி காற்றை இழுக்கும் பின்பக்கத்தில் ஒரு தடவையும், பெட்டியிலிருந்து சில அடி தள்ளி நிழலில் ஒரு தடவையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் கவலை இல்லை. பின்பக்கம் 3, 4 பாகை கூடுதலாக இருந்தால் சூடு உள்ளே சுற்றுகிறது என்று அர்த்தம். முன்பக்க லூவரைக் கழற்றிவிட்டு மறுபடியும் அளந்து பாருங்கள். இந்தச் சோதனையை நம் கடைகளே வாடிக்கையாளருக்கு இலவசமாகச் செய்து கொடுக்கலாம். அதனால் வரும் நல்ல பெயர் எந்த விளம்பரத்தாலும் வராது.

இறக்குமதியாளர்களிடமும் பெட்டி செய்பவர்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். கையிருப்பில் உள்ள உறைகளை விற்பதானால், "ஏசி ஓடும்போது பாவிக்கக் கூடாது" என்று தமிழிலும் சிங்களத்திலும் அதில் ஒட்டி விற்றுத் தீருங்கள். புதிதாகக் கொண்டுவர வேண்டாம். அந்த முதலைக் கூரைக்கும் கம்பிக்கூட்டுக்கும் திருப்புங்கள். வாடிக்கையாளர் நம் கடைக்குள் வரும்போது தன் மின்பட்டியலையும் நம்மை நம்பி ஒப்படைக்கிறார் என்பதை ஒவ்வொரு விற்பனையிலும் நினைத்துக் கொண்டால், எதை விற்பது எதை விற்காமல் விடுவது என்பது தானாகவே விளங்கும்.